கோமதிநாயகத்தின் இருமல்

மில் சங்கு ஊதாமல் போன காலையில்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்பே ஆவுடைச்செல்வி வீட்டு அடுப்படிக் குழாய் சொட்டுவதை விடாமல் சத்தத்தை மட்டும் விட்டிருந்தது, எதிர்வீட்டு வெள்ளத்தாயியின் சேவல் கூரையில் ஏறிக் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூடி, தன் தொண்டைக்கு என்ன கேடு வந்தது என்று விளங்காமல் இறங்கிப் போயிருந்தது, முக்குக் கடையில் ஆற்றுகிற டீ நுரையோடும் ஆவியோடும் கிளாஸுக்குள் பஞ்சு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்கு முந்திய நாட்களில் காது அடைக்கத்தான் செய்யும் என்று ஆளாளுக்குச் சுண்டுவிரலை விட்டுக் குடைந்துகொண்டார்கள்.

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில் கரிசல் காட்டுக்குள் கிடக்கிற ஊர் அது. ஒரு நூல் மில், நாலைந்து தீப்பெட்டி ஆபீஸ், ஒரு பஸ் ஸ்டாண்ட், இவை எல்லாவற்றுக்கும் மேலே கோமதிநாயகத்தின் குரல். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாக அறிவிப்புச் சொல்கிறவர் அவர். சுடலைமணி ஆட்டோ ஓட்டுவான், இவர் பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசுவார். கடை திறந்தாலும், கரண்ட் நின்றாலும், பிள்ளை காணாமல் போனாலும், ஆள் செத்தாலும் அவர் வாயால் சொன்னால்தான் ஊருக்குக் கணக்கு. செத்தவர் வீட்டுக்காரர்களே அதுவரை விம்மிக்கொண்டிருந்துவிட்டு, அவர் குரல் தெருவுக்குள் திரும்பி, இன்னார் இயற்கை எய்தினார் என்று சொன்னபிறகுதான், அப்ப நிசந்தானா என்று வாய்விட்டு அழுவார்கள்.

ஆவுடைச்செல்வி அவருக்கு ஒரே மகள். அம்மா இல்லை, அவளுக்கு முகம் நினைவில் நிற்கும் முன்பே போய்விட்டாள். பெண் வேலை பார்த்தது பிளக்ஸ் போர்டு அடிக்கிற கடையில். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் மாமன்மார் தலைகளைக் கம்ப்யூட்டரில் வெட்டி வரிசையாக ஒட்டி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கூலிங்கிளாஸ் மாட்டிவிடுவது. பிழைப்பு அது. ஆசை வேறு. கையால், மையால், குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போட வேண்டும் என்பது அவள் ஆசை. யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். அதனால் கை இன்னும் முழுசாகச் சொன்னபடி கேட்கவில்லை. குதிரை வரைய உட்கார்ந்தால் குதிரைக்கும் கழுதைக்கும் நடுவில் என்னமோ ஒன்று வந்து நின்று அவளையே பார்க்கும்.

அக்டோபர் பிறந்துவிட்டால் உலகம் பூராவும் படம் போடுகிறவர்கள் தினம் ஒரு மை ஓவியம் என்று ஒரு நோன்பு பிடிப்பார்கள். பென்சில் தொடக் கூடாது, போட்ட கோட்டை அழிக்கக் கூடாது, ஒருநாள்கூட விடக் கூடாது, அன்றன்றைய படத்தை அன்றன்றைக்கே போனில் ஏற்றி நாலு பேர் பார்க்கக் காட்ட வேண்டும். இவள் முந்தின வருசங்களில் பிடித்துப் பிடித்துப் பாதியில் விட்டவள். இந்தத் தடவை, சென்னையில் குழந்தைகள் புத்தகம் போடுகிற ஓர் அம்மா அவள் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "மாசம் முழுக்க விடாம வரைஞ்சு காட்டும்மா. உன் கை எப்படி நிக்குதுன்னு பார்க்கணும். நின்னுச்சுன்னா அடுத்த புத்தகம் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். காப்புக் கட்டாத குறைதான். வேலை விட்டு வந்ததும் மேசையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் வாசல். பொழுது சாயும்போது அங்கே கோமதிநாயகம் செருப்பைக் கழற்றுவார். நாளெல்லாம் ஊரை அதட்டிய குரலைப் பாதியாக மடித்து, "ஏ தாயி, சாப்ட்டியா?" என்பார். அவள் திரும்பாமலே "ம்" என்பாள். கோடு இழுக்கும்போது திரும்பினால் கை ஆடிவிடும் அல்லவா.

மில் சங்கை அவள் வரைந்த மறுநாள் காலை ஷிப்டுக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் தூங்கிப் போனார்கள். மில்லில் விசாரித்தால் சங்கு சரியாகத்தான் இருக்கிறது, காற்றும் புறப்படுகிறது, சத்தம்தான் இல்லை. அன்றைக்கு வெள்ளத்தாயி ஏதோ காரியமாக வீட்டுக்குள் வந்தவள், மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த பழைய தாள் ஒன்றைத் தள்ளிவைக்கப் போக, தாளுக்குள்ளிருந்து கொக்கரக்கோ என்று கேட்டது. அவள் பயப்படவுமில்லை, மயங்கி விழவுமில்லை. இடுப்பில் கைவைத்தாள்.

"ஏட்டி ஆவுட, எஞ் சேவச் சத்தத்த இங்கன கொண்டாந்தா வச்சிருக்க? அத ஒரு வார்த்த கேட்டுட்டு எடுக்கப்புடாதா?"

"நான் எடுக்கல யத்தே, வரையத்தான் செஞ்சேன்."

"வரைஞ்சாலும் கேக்கணும்லா" என்றாள் வெள்ளத்தாயி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊர் முதலில் சண்டைக்கு வந்தது, பிறகு வேடிக்கை பார்க்க வந்தது, கடைசியில் காரியம் சாதிக்க வந்தது. எந்த ஊரும் அப்படித்தான். மில் வாட்ச்மேன் சங்குப் படத்தை வாங்கிப்போய்ச் சட்டம் போட்டு கேட்டில் மாட்டினார். கோமதிநாயகம் தன் மைக்கைக் கொண்டுபோய்த் தாளோடு சேர்த்துப் பிடித்ததும் சங்கு முன்னைப்போலவே ஊரைத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஒவ்வொரு தடவை ஊதும்போதும் படத்தின் மை கொஞ்சம் வெளுத்தது. ஆகவே காலை ஷிப்டுக்கு மட்டும் ஊதுவது, மற்ற ஷிப்டுக்காரர்கள் அவரவர் பொண்டாட்டியை எழுப்பச் சொல்லிக்கொள்வது என்று மில்லில் முடிவானது.

இன்னொன்றும் தெரியவந்தது. வரைகிற நேரத்தில் ஒரு பொருள் என்ன சத்தம் போடுகிறதோ அதுமட்டும்தான் தாளுக்குப் போகும். குழாயைத் திறந்துவிட்டால் பழையபடி இரைந்தது. சொட்டுகிற சத்தம் மட்டும் போனது போனதுதான். இது போதாதா ஊருக்கு? ராத்தூக்கத்தைக் கெடுக்கிற மோட்டாரைக் கொண்டுவந்தார்கள், கல்லை அரைப்பதுபோல் ஓடுகிற மிக்ஸியைக் கொண்டுவந்தார்கள், ஒரு பெண் தன் புருசனை மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் தூங்கவைத்து, குறட்டை வரும் சமயம் பார்த்து ஆவுடைச்செல்வியைக் கையோடு இழுத்துப் போனாள், கவுன்சிலர் வந்து எதிர்க்கட்சிக்காரர் கூட்டத்தில் பேசும்போது முன்வரிசையில் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லி அவள் முகத்தைப் பார்த்தார். கோயில் மணியையும் பச்சைப்பிள்ளை அழுகையையும் பஸ் ஹாரனையும் தொடக் கூடாது, உபத்திரவமான சத்தங்களை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று தெருவே கூடிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. அன்றன்றைக்கு எதை வரைவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிற தொல்லை அவளுக்கும் விட்டது.

தெருநாய் ஒன்றையும் வரைந்தாள். வருவோர் போவோரையெல்லாம் குரைத்துத் தொலைக்கிறது என்று கேட்டுக்கொண்டதால் குரைக்கும்போதே வரைந்தாள். அதன்பிறகு அந்த நாய் நாள் பூராவும் வாசலில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. விலா எலும்பு எக்கி எக்கி இறங்க, கால் நாலும் தரையில் ஊன்றி, ஒரு பொட்டுச் சத்தமில்லாமல் குரைத்தது. தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். சத்தம்தான் போயிற்று, குரைப்பு போகவில்லை என்பதை ஊரில் வேறு யாரையும்விட நின்று பார்த்தவள் அவள்தான்.

இதற்குள் கை நின்றுவிட்டது. காதால் கேட்டுக்கொண்டே வரைந்ததாலோ என்னமோ கோட்டுக்கு ஒரு திடம் வந்திருந்தது. சென்னை அம்மா, "இப்பத்தான்மா உன் கை உன் கையாட்டம் இருக்கு" என்று எழுதியிருந்தார். அதை ஆவுடைச்செல்வி அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். அவர் சந்தோசத்தில் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, உட்கார்ந்தும் விடாமல் தோளைப் பிடித்து உலுக்கியது.

ஆடியிலிருந்தே இருமல். டாக்டர் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்.

"போவம் தாயி. போனா அங்கன ரெண்டு மூணு நாளு கெடக்கணும்பாக. நீ ஒருநா விட்டாலும் பூராவும் போச்சுன்னு சொல்லுத. இந்த மாசத்த நீ முடி, பெறகு நிம்மதியாப் போவம்."

அவள், "அதெல்லாம் கிடக்கட்டும், நாளைக்கே கிளம்புங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தும் படம் போடலாம், மையும் பேனாவும் என்ன அம்மிக்கல்லா தூக்க முடியாமல் போவதற்கு? அவள் சொன்னது, "சரிப்பா" என்று ஒரே ஒரு வார்த்தைதான்.

வழியைக் காட்டியது வெள்ளத்தாயி. நல்ல எண்ணத்தில்தான். "அண்ணாச்சி, நீங்க இருமுத இருமல்ல எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிருது. தீவாளி அறிவிப்பு வேற வருது. ஊருக்கெல்லாம் வரைஞ்சு எடுக்கா, ஒங்களுக்கு எடுக்க மாட்டாளா?"

கோமதிநாயகம் மகளைப் பார்த்தார். "எடுத்துருதியா தாயி? மைக்ல பேச்சுக்கு நடுவுல வந்து மானத்த வாங்குது."

"குரல் போயிரக் கூடாதேப்பா."

"இருமும்போது மட்டும் வரை. பேசுனா பேனாவ எடுத்துரு."

அப்படியேதான் செய்தாள். ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில் அவர் உட்கார்ந்திருக்க, இருமல் வரும்போதெல்லாம் கோடு போட்டு, அடங்கும்போதெல்லாம் பேனாவை உயர்த்தி, பொறுமையாக வரைந்தாள். வளைந்த முதுகு, கழுத்தில் புடைத்த நரம்பு, நெஞ்சில் விரித்து அழுத்திய கை, தோளில் துண்டு, பின்னால் ஜன்னல் கம்பி. அவள் அதுவரை வரைந்ததிலேயே உயிருள்ள படம் அதுதான். கடைசிக் கோடு விழுந்ததும் அறை அமைதியானது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். வெங்கலம் மாதிரி வந்தது குரல். வெள்ளத்தாயி கைதட்டினாள். "போயிருச்சுலா!" என்றாள்.

போயிருச்சு என்று அவரும் சொன்னார், அவளும் சொன்னாள், சுடலைமணியும் சொன்னான். ஆஸ்பத்திரிப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. துணிக்கடைக்கும் பட்டாசுக் கடைக்கும் அவர் குரல் தெருவெல்லாம் கணீரென்று சுற்றியது. ஒரு நாள் ஆட்டோ அவளைத் தாண்டிப் போகும்போது அவர் துண்டை வாயில் வைத்து முன்னால் குனிந்திருப்பதைப் பார்த்தாள். தோள் எக்கி எக்கி இறங்கியது. சாயங்காலம் கேட்டதற்கு, "விக்கல் தாயி" என்றார். அவளுக்கு அந்த நாய் நினைவுக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும். மேசையில் பாதிப் படம் கிடந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாசத்தின் கடைசி நாள் விடுமுறை நாளாக வாய்த்தது. கடைசிப் படமாகத் தன் கையையே வரைவது, பேனா பிடித்து வரைகிற கையை, என்று அவள் வெகுநாளாக நினைத்து வைத்திருந்தாள். மத்தியானம் உட்கார்ந்தாள். நிப்பு தாளில் உரசுகிற கிறுகிறு சத்தம் கோடு கோடாகக் குறைந்துகொண்டே வந்து, விரல் நகத்தை வரைந்து முடிக்கும்போது அறவே நின்றுவிட்டது. அப்பேர்ப்பட்ட அமைதியை அவள் அதற்குமுன் அனுபவித்ததில்லை. உலகத்தில் தானும் தாளும் மட்டும் இருப்பதுபோல இருந்தது. நிழலை அடைக்கச் சின்னச்சின்னக் கோடாக அடுக்கிக்கொண்டே போனாள். பொழுது இறங்கியதையோ, செருப்புக் கழற்றும் நேரத்தில் அப்பா உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்ததையோ, அந்த "ஏ தாயி" வராததையோ அவள் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள், மை காய ஊதினாள், போனில் ஏற்றினாள், ஏற்றிய கையோடு வந்து விழுந்த பாராட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். அப்புறம்தான் சிரித்த முகத்தோடு, "யப்பா, முடிச்சிட்டேன்" என்று திரும்பினாள்.

கோமதிநாயகம் கட்டிலுக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவில் தரையில் கிடந்தார். துண்டு பூராவும் சிவப்பு. ஒரு கை நெஞ்சில், இன்னொரு கை அவள் நாற்காலியைப் பார்த்து நீண்டு, காலைத் தொட ஒரு சாண் இருக்க, அப்படியே நின்றுபோயிருந்தது. இருமல் மூச்சைப் பிடித்துக்கொண்டதில் மகளைக் கூப்பிட அவருக்கு நெஞ்சில் காற்று இல்லை. இருமின சத்தத்துக்கு அவள் திரும்பியிருப்பாள், ஊரே திரும்பியிருக்கும். அதைத்தான் அவள் ஏற்கெனவே எடுத்து, அட்டைக்குள் மடங்காமல் பத்திரமாக வைத்திருந்தாளே.

விடிந்ததும் ஊருக்கு ஒரு சங்கடம் வந்தது. சாவைச் சொல்லுகிறவர் செத்துப்போனார், அவர் சாவை யார் சொல்வது? சங்கரன்கோவிலில் இருந்து ஆள் வரவழைக்கலாம் என்றார் கவுன்சிலர். சுடலைமணி ஆட்டோவில் இருந்த மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தான். அவர் குரல்தான், ஜவுளியும் பட்டாசும் பஞ்சு மெத்தையுமாக. கேட்கக் கேட்க அவனுக்கே அழுகை முட்டி, அணைத்துவிட்டான்.

"அண்ணாச்சி போனத வேற எவன் வாயாலயோ நான் கேக்க மாட்டேன்" என்றாள் வெள்ளத்தாயி, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தபடி. "நாந்தான சொன்னேன். இந்த நாறவாய வச்சிக்கிட்டு நாந்தான எடுக்கச் சொன்னேன்."

ஆவுடைச்செல்வி அட்டையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தாள். ஆட்டோவின் பின்சீட்டில் அவர் உட்காருகிற இடத்தில் அவரைப்போலவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மைக்கைத் தாளோடு சேர்த்துப் பிடித்தாள்.

ஆட்டோ மெதுவாகப் புறப்பட்டது. மில் தெருவில் கோமதிநாயகம் இருமினார். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் இருமினார், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருமினார், டீக்கடை முன்னால் நின்று நிதானமாக இருமினார். பேரில்லை, வயசில்லை, எடுக்கிற நேரமில்லை. ஊருக்கு அதொன்றும் தேவைப்படவுமில்லை. ஜனங்கள் சோற்றுக் கையோடும் சோப்பு நுரையோடும் வாசலுக்கு வந்து, அந்த இருமலைக் கேட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, அப்ப நிசந்தானா என்று அழுதார்கள். பெண்கள் நெஞ்சில் அறைந்துகொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் நடந்தார்கள். அந்த நாய்கூட வந்தது, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு.

ஒவ்வொரு தெருவிலும் படம் வெளுத்தது. முதலில் ஜன்னல் கம்பி போயிற்று, பிறகு கட்டில், பிறகு துண்டு, கழுத்து நரம்பு, வளைந்த முதுகு. வீட்டுத் தெருவுக்குள் வண்டி திரும்பும்போது நெஞ்சை அழுத்திய கை மட்டும் லேசாக மிஞ்சியிருந்தது. இன்னும் ஒரு தடவை இருமுவதற்கு உண்டான மை. அவள் மைக்கை அணைத்துத் தாளை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இவ்வளவு வரைந்தோமே, சேவலையும் மிக்ஸியையும் எவனோ ஒருத்தன் குறட்டையையும் வரைந்தோமே, பொழுது சாயும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஒருத்தர் நின்றாரே, ஒருநாள், ஒரே ஒருநாள் திரும்பிப் பார்த்து நாலு கோடு இழுத்திருந்தால் "ஏ தாயி" தாளில் இருந்திருக்குமே. சாமி, வெளுக்க வெளுக்க அதைக் கேட்டுத் தீர்த்திருக்கலாமே. தாளில் கிடப்பது இருமல். அவளுக்கென்று அவர் வைத்திருந்த சத்தத்தை அவள் ஒருநாளும் வரையவில்லை.

அந்த மாசத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. இப்போது அவள் எதை வரைந்தாலும் அந்தப் பொருள் தன் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. போன சத்தங்கள் மட்டும் திரும்பவில்லை. மில்லில் மின்சார மணி வைத்துக்கொண்டார்கள். வெள்ளத்தாயி சேவலைத் தீபாவளிக்கு அடித்தாள், தின்ன மனசில்லாமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். சென்னை அம்மா சொன்ன சொல் தவறவில்லை. புத்தகம் வந்தது, முன்பக்கத்தில் ஆவுடைச்செல்வியின் பேர் போட்டிருந்தது, அதைக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. வெளுத்த தாள் அட்டைக்குள் இருக்கிறது. அதில் இருக்கிற அந்த ஒன்றைக் கேட்டுவிட்டால் அப்புறம் ஒன்றுமிருக்காது என்று அவள் அதைக் காதுப்பக்கம் கொண்டுபோவதில்லை.

மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டாள். இப்போதெல்லாம் வாசலைப் பார்த்துத்தான் உட்காருகிறாள். பொழுது சாயும் நேரத்தில் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால், அது வெள்ளத்தாயியோ சுடலைமணியோ கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரோ, யாராயிருந்தாலும் சரி, பாதிக் கோட்டில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்று, "இன்னும் சாப்பிடலப்பா, வாங்க, சேந்து சாப்பிடுவம்" என்கிறாள்.